நாற்பது கைகளும் ஒரு வாயும்

அந்த மனிதரின் கைதான் முதலில் உயர்ந்தது.

மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. முழங்கைக்கு மேலே பூசியிருந்த திருநீறு வியர்வையில் பாதி கரைந்திருந்தது. கால் மணி நேரத்துக்கு முன் நான் அளவு பார்த்துக் கொடுத்த கறுப்புச் சட்டம் போட்ட வாசிப்புக் கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது. அதற்குள்ளால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, பத்து என்று கைகள் எழும்பின. கடைசியில் நாற்பது கைகளாவது இருக்கும். அடம்பனுக்கு அப்பால் உள்ள ஒரு வயற்கிராமத்தின் வாசிகசாலை அது. ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊருக்கு நான் செய்தது போதும்.

என் பக்கத்தில் நின்ற மார்ட்டினுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்தான் லண்டனில் இருந்து வந்த எங்கள் ஊழியக் குழுவின் தலைவர். குழுவில் இருந்த ஒரு பெண் எல்லாவற்றையும் மார்ட்டினின் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நானோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மார்ட்டின் கேட்ட கேள்விக்கு அந்தக் கைகள் உயரவில்லை. அது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சுற்றுலாப் பயணி

இந்தத் தொடரை வாரா வாரம் வாசிப்பவர்களுக்கு நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பது தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார் உப்புக்குளத்தில் பிறந்து, சண்டைக் காலத்தில் கடல் தாண்டி, பல இடம் அலைந்து லண்டனில் கரை ஒதுங்கியவள். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் மார்ட்டினின் பிரசங்கத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பேன். அதற்கும் ஆறு வருடம் ஆகிவிட்டது.

எங்கள் சபை வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு நாட்டுக்குப் பத்து நாள் ஊழியத்துக்குக் குழு அனுப்பும். இந்த முறை மன்னார் என்று முடிவானபோது, ‘இது உனக்கு வந்த அழைப்பு’ என்று எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். தமிழும் கண்ணாடியும் சேர்த்துத் தெரிந்த வேறு ஆள் அவர்களிடம் இல்லை என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. தலையாட்டிவிட்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியபோதே பயம் தொடங்கிவிட்டது. எங்களிடம் இருந்தது சுற்றுலா விசா. எதற்கு வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டபோது, ‘ஊர் பார்க்க’ என்றேன். என் பெட்டிக்குள் முந்நூறு வாசிப்புக் கண்ணாடிகள் இருந்தன. ஊர் பார்க்க ஒருத்திக்கு முந்நூறு கண்ணாடியா என்று அவர் கேட்டிருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்.

மன்னாரில் எங்களுக்கு இடம் தந்தவர் பாஸ்டர் நேசன். என்னைவிட இளையவர், நாற்பது வயதிருக்கும். உப்புக்குளத்தில் அவர் வீட்டு முன்னறைதான் சபை. முற்றத்தில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் போதும், எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். பொலிசாக இருக்குமோ, குடிவரவுக் கந்தோர்க்காரராக இருக்குமோ என்று யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் மீன்காரராக இருப்பார். ஒருமுறை சத்தமே இல்லாமல் ஒரு கழுதை வந்து நின்றது. அதற்கும் பயந்தேன்.

சொல்லாமல் விட்டது

அந்தக் கிராமத்துக்குப் போவதற்கு முதல் நாள் பாஸ்டர் நேசன் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

“அக்கா, உது முழுக்கச் சைவ ஊர். கண்ணாடியைக் குடுப்பம், சிரிச்சுப்போட்டு வருவம். இந்தக் கை உயர்த்தச் சொல்லுற வேலையெல்லாம் அங்க வேண்டாம். மார்ட்டினுக்கு விளங்கப்படுத்துங்கோ.”

“ஓம், சொல்லுறன்” என்றேன்.

“நான் நாளைக்கு வரேலாது. வங்காலையில மனிசியின்ர பகுதியில ஒரு செத்தவீடு. உங்களை நம்பித்தான் விடுறன்.”

“நீங்கள் யோசியாதேங்கோ.”

அன்று மாலை மார்ட்டின் வேப்பமரத்தின் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்து அடுத்த நாள் பேசப் போவதை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை அவர் பக்கத்தில் போய் நின்றேன். முதல் தடவை தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை கொசு விரட்டும் நுளம்புத்திரியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ட்டின் கோபக்காரர் அல்லர். கோபக்காரராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட காலத்தில் எனக்காகக் கடிதம் எழுதியவர் அவர். வழக்கு நாட்களில் தன் காரில் ஏற்றிப்போய் வாசலில் காத்துக்கொண்டிருந்தவர். அவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால் முகம் மெல்ல வாடும். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

ஆகவே சொல்லாமல் படுத்துவிட்டேன். சரியாகத் தூங்கவும் இல்லை.

அடுத்த நாள், கண்ணாடி கொடுத்து முடிந்த கையோடு மார்ட்டின் எழும்பி நின்றார். பத்து நிமிடம் பேசினார். பிறகு கேட்டார். இங்கே அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், இந்த முறையாவது என்னை நம்புங்கள்: ‘இயேசுவை இன்று உங்கள் இரட்சகராக ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் வலது கையை உயர்த்துங்கள்.’

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். முன்வரிசையில் திருநீறும் சந்தனமும். சுவரில் ஊர்க் கோயில் அம்மனின் படம் போட்ட நாட்காட்டி. 

“கண்ணாடி போட்ட பிறகு எழுத்துத் தெரியிற ஆக்கள் எல்லாரும் ஒருக்கா வலது கையை உயர்த்துங்கோ பாப்பம்” என்றேன்.

பாலத்தடியில் படித்த பாடம்

இந்தக் கெட்ட பழக்கம் எனக்கு எங்கே தொற்றியது என்று யோசித்துப் பார்த்தேன். பதினொரு வயதில், மன்னார்ப் பாலத்தடிக் காவலரணில்.

சிறு வயதில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள பேக்கரிக் குடும்பம் இருந்தது. அவர்களின் பிள்ளைகளோடு விளையாடியே நான் சிங்களம் பழகினேன். அப்பாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. அதனால் அவர் பெருநிலப் பக்கம் போகும்போதெல்லாம் சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். நான் அவருடைய வாய்.

ஒரு நாள் வெயிலில் வெகுநேரம் மறித்து வைத்துவிட்டு, எங்கே போகிறாய் என்று ஆமிக்காரன் கேட்டான். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. “நான் எங்க போனா இவனுக்கென்ன எண்டு கேள்” என்றார்.

நான் ஆமிக்காரனை நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்: “அடம்பனுக்கு அரிசி வாங்கப் போகிறோமாம், ஐயா.”

அவன் அப்பாவைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். “என்னவாம்?” என்றார் அப்பா. “கவனமாப் போகச் சொல்லுறார்” என்றேன்.

இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுப் பிரிந்தார்கள். அரிசியும் வந்தது, அப்பாவும் வீட்டுக்கு வந்தார். சற்றே மாற்றிச் சொன்னால் ஆட்கள் உயிரோடு வீடு வருவார்கள் என்று அன்றைக்கு என் மண்டைக்குள் ஏறியதுதான், இறங்கவே இல்லை.

சூரிச்சில் இருந்து வந்த செய்தி

கைகள் உயர்ந்த பிறகு மார்ட்டின் முன்வரிசைக்கு இறங்கிப் போய், முதலில் கை தூக்கியவரின் தலையில் கை வைத்து ஜெபித்தார். வெள்ளைக்காரர் ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று அந்த மனிதர் மரியாதையாகத் தலை குனிந்தார். ஜெபத்தை நான் ‘நோயில்லாமல் இருங்கோ, மழை பெய்யட்டும்’ என்று சுருக்கிச் சொல்லி முடித்தேன்.

வான் வண்டியில் திரும்பும்போது மார்ட்டின் கேட்டார்: “அந்த முதல் மனிதர் யார்?”

“கோயில் பூசாரி” என்றேன். அளவு பார்க்கும்போது அவரே சொல்லியிருந்தார். என் வாயால் சொல்லிய பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அன்று மாலையே சபையின் முகநூல் பக்கத்தில் அந்தக் காட்சி ஏறிவிட்டது. என் குரலை எடுத்துவிட்டுப் பியானோ இசை போட்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: ‘ஒரே நாளில் நாற்பது ஆத்துமாக்கள். அவர்களில் ஒருவர் கோயில் பூசாரி.’

அதை அந்த ஊர்ப் பையன் ஒருவன் சூரிச்சில் இருந்து பார்த்திருக்கிறான். அடம்பனில் நடந்ததை அடம்பனுக்குச் சுவிஸில் இருந்து அறிவித்தார்கள். மூன்றாம் நாள் காலை பாஸ்டர் நேசன் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? பூசாரியார் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டாரெண்டு ஊர் கொந்தளிக்குது. வாற திங்கள் அவையின்ர வருசப் பொங்கல். அவரை வளந்து வைக்க விடமாட்டினமாம். வேறை ஊரில இருந்து ஆளெடுக்கப் போகினமாம்.”

வளந்து என்பது பொங்கற்பானை. அந்தக் கோயிலில் அதை அடுப்பில் ஏற்றும் உரிமை அவருடைய குடும்பத்துக்கு வழிவழியாக வந்தது. அவர் பெயர் தம்பையா. அதுவரைக்கும் எனக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது. பூசாரி என்பதும் கண்ணாடியின் அளவும் மட்டும்தான் தெரியும்.

“பொலிசுக்கும் போவினமாம்” என்றார் நேசன். “நீங்கள் நாளையிண்டைக்குப் பிளேன் ஏறிப் போயிடுவியள். நான் இஞ்சதான் இருக்கவேணும். என்ர பிள்ளையள் இஞ்சதான் பள்ளிக்கூடம் போகவேணும்.”

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்த யோசனை தம்பையாவைப் பற்றியது அல்ல, நேசனின் பிள்ளைகளைப் பற்றியதும் அல்ல. மத்தியானத்துக்குள் வான் பிடித்தால் இருட்டுவதற்குள் கொழும்புக்குப் போய்விடலாம் என்பதுதான். பெட்டியைக்கூட இழுத்து வெளியே வைத்தேன்.

பெட்டிக்குள் கண்ணாடிகள் தீர்ந்து வெறுமையாகிப்போன இடத்தில், அளவு எழுதிய சீட்டுகள் கிடந்தன. ‘கறுப்புச் சட்டம், முன்வரிசை ஐயா, பஞ்சாங்கம் வாசிக்க’ என்று என் கையெழுத்தில் ஒன்று. பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளினேன்.

வானுக்குள்

என் தமிழ்க் குரலோடு இருந்த முழுப் படம் மார்ட்டினின் தொலைபேசியில் மட்டும்தான் இருந்தது. அதைக் காட்டினால் தம்பையா தப்புவார். அதைக் கேட்பதென்றால் மார்ட்டினிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

அன்று பின்னேரம் கோயிலடியில் ஊர் கூடுகிறது என்று நேசன் சொல்ல, நான் வானில் ஏறினேன். பிரச்சினை என்றதும் தானும் வருவேன் என்று மார்ட்டினும் ஏறிவிட்டார். பாலத்தில் தென்மேற்கில் இருந்து வந்த சோளகக் காற்று வானைத் தள்ளியது. பாலம் கழிந்து, உப்பு வெளி கழிந்து, வயல் தொடங்கிய இடத்தில் சொன்னேன். “அன்றைக்கு நீங்கள் கேட்டதை நான் அவர்களிடம் கேட்கவில்லை.”

அவருக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். பாஸ்டர் நேசன் எச்சரித்ததையும் நான் மறைத்ததையும் சொன்னேன்.

“அப்படியென்றால் அவர்கள் எதற்குக் கை உயர்த்தினார்கள்?”

“எழுத்துத் தெரிகிறதா என்று கேட்டேன்.”

அவர் முகம் வாடியது. நான் ஆறு வருடமாகப் பயந்துகொண்டிருந்த அந்த வாட்டம்.  பிறகு தொலைபேசியைத் திறந்து, படத்தைத் தேடி எடுத்து, ஒன்றும் சொல்லாமல் என் கையில் வைத்தார். திட்டியிருக்கலாம்.

கோயிலடி

கோயில் வாசலில் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். கோயிலை நடத்தும் பரிபாலன சபையின் தலைவர் நடுவில் இருந்தார். சுற்றிவர ஊர்ச்சனம். தம்பையா மட்டும் உட்காரவில்லை. வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி ஓரமாக நின்றார். விரதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணாடி முகத்தில் இல்லை. அவர் மனைவி வேலியோரம் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

 கையைக் கட்டினால் நடுக்கம் தெரியாது என்று கட்டினேன். தோள் நடுங்கியது.

“அல்லேலூயாக் கூட்டம் திரும்பவும் வந்திருக்குது” என்று யாரோ சொன்னார்கள்.

தலைவர் கையைக் காட்டி அடக்கினார். “சொல்லும். வளந்து வைக்கிற கை வேறை சாமிக்கு உயர்ந்திட்டுதெண்டு சனம் சொல்லுது. நாங்கள் என்ன செய்ய?”

“அவர் உயர்த்தேல்லை, ஐயா. பிழை முழுக்க என்ரை. வெள்ளைக்காரர் கேட்டது ஒண்டு, நான் இவையளிட்டைக் கேட்டது வேறை.”

“உம்மை எப்பிடி நம்புறது?”

தொலைபேசியை நீட்டினேன். தலைவர் அதை வாங்கித் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். அது நாங்கள் கொடுத்த கண்ணாடி. எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

என் குரல் கோயில் வாசலில் கேட்டது. “எழுத்துத் தெரியிற ஆக்கள் எல்லாரும் ஒருக்கா வலது கையை உயர்த்துங்கோ பாப்பம்.” தலைவர் மூன்று தடவை போட்டுக் கேட்டார். மூன்றாம் தடவை பின்னால் ஒரு பெண் ‘களுக்’ என்று சிரித்தாள். படத்தில் உயர்ந்த கைகளில் தலைவருடையதும் ஒன்று.

“அப்ப நீர் அவரையும் ஏமாத்தி எங்களையும் ஏமாத்தினீர்.”

“ஓம்.”

“அவரைக் கூப்பிடும்.”

வானடியில் நின்ற மார்ட்டின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். தலைவர் அவரை நேரே பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “இப்ப நான் சொல்லுறதை ஒரு சொல்லும் மாத்தாமல் சொல்லும். கண்ணைப் பாக்க வந்தா கண்ணைப் பாக்கச் சொல்லும். ஒருத்தரையும் கேளாமல் தலையில கை வைக்க வேண்டாம். எங்கட ஆக்களின்ர முகத்தை எங்களைக் கேளாமல் ஊருலகத்துக்குக் காட்ட வேண்டாம்.”

ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். வயது ஐம்பது தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கு நடுவில் நின்று கடுமையான ஒன்றை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தது அதுதான் முதல் தடவை. மார்ட்டின் காது சிவக்கக் கேட்டார். “நீங்கள் சொல்வது சரி. மன்னித்துவிடுங்கள். இன்றைக்கே எடுத்துவிடுகிறேன்” என்றார். அதையும் சொன்னேன்.

“உது அவர் சொன்னதோ, உம்மடையோ?” என்றார் தலைவர். சனம் சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது.

தலைவர் தம்பையாவிடம் திரும்பினார். “பூசாரியார், திங்கட்கிழமை நீங்கள்தான்.”

தம்பையா தலையை மட்டும் ஆட்டினார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வானில் ஏறப் போகும்போது தம்பையா எனக்குப் பின்னால் வந்தார். “தங்கச்சி, கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ. அண்டைக்கு நீங்கள் ஆருக்குப் பயந்தனீங்கள்? எங்களுக்கோ, அவருக்கோ?”

உங்களுக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. ஊருக்குப் பயந்து, ஊரைக் காப்பாற்ற மாற்றினேன் என்று. ஆனால் அந்த ஊர் எனக்கு ஒன்றும் செய்திருக்கவில்லை.

“அவருக்குத்தான், அண்ணை” என்றேன்.

“நல்ல மனிசன் போலத்தானே கிடக்கு” என்றார் தம்பையா, மார்ட்டினைப் பார்த்து. திருநீற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்து கறுப்புச் சட்டக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனார்.

கட்டுநாயக்கா

பொங்கல் நல்லபடி நடந்ததாகப் பாஸ்டர் நேசன் பிறகு செய்தி அனுப்பினார். அதற்கு முன்பே நாங்கள் விமான நிலையத்தில் இருந்தோம்.

மற்றவர்கள் கோப்பி வாங்கப் போய்விட்டார்கள். மார்ட்டினும் நானும் பக்கத்துப் பக்கத்தில். அடம்பனில் இருந்து அதுவரை அவர் என்னோடு தேவைக்கு மேலே ஒரு சொல் பேசவில்லை. குடிவரவு வரிசையில் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இருக்கவில்லை.

அவர் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்: “நீ மாற்றியது அந்த ஒரு வரியை மட்டும்தானா?”

ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் கண் முன்னால் வந்தன. பிள்ளை இறந்த தாயிடம் அவர் சொன்னதும் நான் சொன்னதும். கணவனை விட்டு வந்தவளிடம் அவர் சொன்னதும் நான் சொன்னதும். எனக்குக் கடிதம் எழுதிய கை அவருடைய மடியில் இருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அது இன்னொரு தடவை என் தோளைத் தட்டும்.

“இல்லை” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். விமானம் ஏற மூன்று மணி நேரம் இருந்தது. கைகளை முழங்காலில் இறுக்கி வைத்துக்கொண்டு, முதலாவது ஞாயிற்றுக்கிழமையில் இருந்து சொல்லத் தொடங்கினேன்.